இழவு சொல்ல ஒரு பரீட்சை

போன புதன்கிழமை காலை, கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், என் தம்பி ரவி இறந்துபோனான்.

பதறாதீர்கள். எனக்குத் தம்பி கிடையாது. அண்ணனும் கிடையாது. நாங்கள் எல்லோரும் பெண் பிள்ளைகள். "இந்த வீட்டுல ஆம்பளப் புள்ளன்னா அது உங்கப்பாதான்" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனாலும் ரவி இறந்துபோனான். நான் அழுதேன். கைக்குட்டையால் ஒற்றி எடுக்கிற அழுகை இல்லை... மூக்கு ஒழுக, குரல் உடைய, செத்த வீட்டு அழுகை. அதோடு விட்டேனா? செய்தி சொன்ன பிள்ளையை ஓங்கி அடித்தும்விட்டேன்.

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. தையல் மெஷினில் நூல் கோர்க்க உட்கார்ந்தால் ஊசியின் காது இரண்டாகத் தெரிகிறது. இந்த வாரம் வேறு எதை எழுதச் சொன்னாலும் எனக்கு வராது. உங்களிடம் கொட்டிவிட்டால் கொஞ்சம் இறங்கும். கேளுங்கள்.

தர்ஷிகா என்று ஒரு பிள்ளை. மஹய்யாவக்காரி. அம்புலன்ஸில் பராமெடிக்காக வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. என் தையல் கடைக்கு முதன்முதலில் வந்தது, யூனிபோர்ம் களிசானுக்குப் பொக்கெட் வைக்க. அந்தக் களிசானில் ஏற்கனவே திரும்பின பக்கமெல்லாம் பொக்கெட்தான்.

"இன்னும் என்னத்துக்கும்மா?" என்றேன்.

"கத்தரிக்கோலுக்குக்கா. குனிஞ்சா விழுந்துருது."

"எத வெட்டப் போற?"

"சட்டைய. நெஞ்சப் பாக்கணும்னா பொத்தான் கழட்டிக்கிட்டு இருக்க ஏலாதே. கீழ இருந்து மேல ஒரே இழுப்பு."

நான் தைத்துப் பிழைக்கிறவள். அவள் வெட்டிப் பிழைக்கிறவள். எப்படி ஒத்துப்போனது என்று கேட்காதீர்கள் — ஒத்துப்போனது. டியூட்டி முடிந்ததும் பக்கத்தில் ஃபாரூக் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ஒரு பணிஸ் வாங்கிக்கொண்டு, என் கடை ஸ்டூலில் வந்து உட்காருவாள். அன்று பார்த்ததைச் சொல்லுவாள். ஆள் பெயர் சொல்ல மாட்டாள், வீடு எது என்று சொல்ல மாட்டாள். துருவிக் கேட்டாலும் பணிஸைத்தான் கடிப்பாள்.

ஒரு நாள் வந்தாள். பணிஸ் கையிலேயே இருந்தது. கடிக்கவில்லை.

"அக்கா, இன்னிக்கு நான் சும்மா ஒக்காந்திருந்தேன்."

சும்மா உட்கார்வதற்கு ஒரு பிள்ளை இப்படி முகம் வாடுமா?

விஷயம் இதுதான். ஒரு நோயாளியைக் கொழும்புக்கு மாற்ற வேண்டும். சின்ன வயசுக்காரர், அம்பிட்டியப் பக்கம் வீடு என்பது மட்டும் வாய் தவறி வந்துவிட்டது. அவருக்காக மூச்சு விடுவது ஒரு மெஷின். மருந்து ஏற்றுவது இன்னொரு மெஷின். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நேர்ஸ் கூட ஏறியிருக்கிறார். கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகள்தான் உங்களுக்குத் தெரியுமே... முன் சீட்டில் உட்கார்ந்து போனாலே வயிறு புரளும். பாவம், பின்னால் குறுக்கு வசமாக உட்கார்ந்த அந்த நேர்ஸுக்குத் தலையைச் சுற்றி, பொலித்தீன் பையோடு குனிந்தவர் நிமிரவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து மூச்சு மெஷின் கத்தத் தொடங்கியிருக்கிறது.

"என்ன கத்துது, ஏன் கத்துதுன்னு எனக்கு வாசிக்கத் தெரியாதுக்கா. தெரிஞ்சாலும் தொட ஏலாது. நான் படிச்சது அவ்வளவுதான். மெஷினக் கழட்டிட்டு, பலூன் மாதிரி ஒரு பை இருக்கும், அத அமுக்கி அமுக்கிக் கையாலயே மூச்சுக் குடுத்துக்கிட்டுப் போனேன். கொழும்பு வரைக்கும்."

"அதுவா சும்மா ஒக்காந்திருந்தது?" என்றேன், அதிர்ந்துபோய்.

"இல்லக்கா... கத்துன மொத கொஞ்ச நேரம். அது கத்துது, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அந்தக் கொஞ்ச நேரம்தான்."

அவர் பிழைத்துக்கொண்டார். நல்ல வேளை. ஆனால் பிள்ளைக்கு அந்தக் 'கொஞ்ச நேரம்' தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. மேற்கொண்டு படிக்கப் போகிறேன் என்று நின்றாள். கிரிட்டிகல் கெயார் பயிற்சி. தீவிர சிகிச்சை வார்டையே சக்கரத்தில் வைத்து ஓட்டுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மூச்சு மெஷின், மருந்து பம்ப், இதயத்தின் கோடுகளை வாசிப்பது, இன்னும் என்னென்னவோ. வேலைக்குப் புதிது என்று சீனியர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும் என்று விண்ணப்பித்தாள். இரவும் பகலும் படித்தாள். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, என் இஞ்சிடேப்பால் தன் சொந்தக் கையை அளந்து நரம்புகளின் பெயர் சொன்னாள். தெரிவுப் பரீட்சையில் எல்லாப் பகுதியும் பாஸ்.

ஒன்றைத் தவிர.

"எதுல கோட்டை விட்ட?"

"இழவு சொல்றதுல."

நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன்.

"இழவு சொல்றதுக்கு ஒரு பரீட்சையா?"

"ஆமாக்கா. இப்ப நாங்க ஆளத் தூக்கிக்கிட்டு ஓடுறதுதான். ஆஸ்பத்திரில டொக்டர் பாத்துச் சொல்லிருவாரு. மேல படிச்சிட்டா அப்படி இல்ல. இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னா, டொக்டரோட ஃபோன்ல பேசிட்டு, நெஞ்ச அமுக்குறத வீட்டுலயே நிப்பாட்டலாம். நிப்பாட்டுனா... வீட்டாளுங்களுக்கு நாங்கதான் சொல்லணும்."

பரீட்சையில் ஒரு பொம்மையைக் கிடத்தியிருக்கிறார்கள். எவ்வளவு முயன்றாலும் அது செத்துப்போகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அடுத்த அறையில் சொந்தக்காரராக நடிக்க ஓர் அம்மா. தர்ஷிகா போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாளாம் தெரியுமா?

"ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க."

பிறகு, "கொஞ்சம் சீரியஸ்."

பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போனதும் டொக்டர் சொல்லுவாரு."

முட்டை. அந்தப் பகுதிக்கு முழு முட்டை!

"நான் சொல்லலக்கா, என் வாய் சொல்லுது," என்றாள். இன்னும் ஒரே ஒரு தடவை சந்தர்ப்பம் தருவார்களாம். அதிலும் தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு.

நான் கொதித்துப்போனேன். அந்தப் பிள்ளை என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்? நாமெல்லாம் அப்படித்தானே சொல்கிறோம்?

யோசித்துப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அப்பா போய்ச் சேர்ந்த செய்தியை யாராவது அப்படியே சொல்லியிருக்கிறோமா? "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்ல, கிளம்பி வா." அவ்வளவுதான். கேட்கிற பிள்ளைக்கும் புரியும். புரிந்தும் புரியாத மாதிரி பஸ் ஏறும். "அப்பா சாப்டாரா?" என்று வழியில் ஃபோன் எடுத்துக் கேட்கும். நாமும் "இப்பதான் கொஞ்சம் கஞ்சி..." என்போம். பந்தல் போட ஆள் வந்து நிற்கும், நாம் கஞ்சிக் கதை சொல்லிக்கொண்டிருப்போம்!

'தவறிட்டாங்க' என்போம். 'காலமாகிட்டாங்க' என்போம். யாழ்ப்பாணத்து ஆட்கள் 'மோசம் போட்டார்' என்பார்கள். இப்படி ஊருக்கு ஊர் மக்கள் சொல்லும் சொல்லைப் பொறுக்கி வைத்துக்கொள்வது எனக்கு ஒரு பைத்தியம், உங்களுக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் ராஜா 'ஒண்ணுமில்ல'தான். மரத்திலிருந்து விழுந்தவனைத் தூக்கும்போதும் ஒண்ணுமில்ல. ஒப்பரேஷனுக்கு உள்ளே தள்ளும்போதும் ஒண்ணுமில்ல. தர்ஷிகாவோடு போகிற சிங்கள டிரைவரும் இதையேதான் சொல்வாராம், "மொகுத் நே, மொகுத் நே" என்று. எங்கள் கண்டியில் எல்லாச் சாதி சனமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

"நீ என்னை வச்சுப் பழகு," என்றேன். "எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகினா வாய் திரும்பிரும்."

பெரிய மனசோடு சொல்லிவிட்டேன். அவளும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "அக்கா, என் பேரு தர்ஷிகா. உங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தாள்.

"ஏய்! வாய மூடு!"

வெள்ளிக்கிழமை. அப்போதுதான் சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றியிருக்கிறேன். அந்த மனுஷன் மாத்தளைக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார். விளக்கு வைத்த நேரத்தில், ஆளைக் குறித்து, இப்படியா பேசுவது?

"சரி, அக்காவோட தங்கச்சி..."

"கொன்னுருவேன்!"

யாரைச் சாகடிப்பது என்பதே எங்களுக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. கடைசியில் இடத்தை மாற்றி, ஃபாரூக் நானாவின் கடைப் பின்மேசைக்குப் போனோம். மூன்று பக்கமும் சோற்றுப் பார்சல் கட்டும் தாள் அடுக்கியிருக்கும் மூலை. விஷயத்தைச் சொன்னதும் நானாவுக்கு ஒரே குஷி.

"எனக்குச் சொல்லு மகள். நாங்க சாவ மவுத்துன்டு நேராவே சொல்ற ஆக்கள். பயப்பட மாட்டேன்."

தர்ஷிகா அவர் முன்னால் நின்றாள். அண்ணனை அவர்கள் நானா என்றுதான் சொல்வார்கள். "நானா, என் பேரு தர்ஷிகா. அம்புலன்ஸ்ல இருந்து வந்திருக்கேன். உங்க நானா இறந்துட்டாரு."

நானா ஒரு கணம் தலையைக் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எந்த நானா? மூத்தவரா, ரெண்டாமவரா?"

"அது... யாராவது ஒருத்தர் நானா."

"அப்பிடிச் சொல்லப்படாது மகள். மூத்தவர்ன்டா நான் இப்பவே கடைய மூடணும். ரெண்டாமவரோட பேச்சுவார்த்தை இல்ல. ஆனாலும் போகத்தான் வேணும்... போகாட்டி ஊர் பேசும்..." என்று தொடங்கி, காணி எல்லையில் நின்ற ஒரு பலா மரத்தால் வந்த சண்டையை முதலில் இருந்து சொன்னார். முடியும்போது மூன்று பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. இறந்தவரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

போகும்போது நானா ஒன்று சொன்னார். "மவுத்துன்டு நேராச் சொல்லுவோம் மகள், அது உண்மதான். ஆனா ஃபோன்ல மட்டும் நாங்களும் சீரியஸ்ன்டுதான் சொல்ற."

ஆக, யாருக்கும் தைரியமில்லை.

இதற்கிடையில்தான் அந்த அழைப்பு வந்தது. பரீட்சையில் சொந்தக்காரராக நடிக்கத் தமிழ் பேசும் பெண் ஒருவர் வேண்டுமாம். முன்பு நடித்த அம்மாவுக்கு வர முடியவில்லை. தர்ஷிகா என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். நான் உடனே ஃபோன் எடுத்து, பரீட்சைக்குப் பொறுப்பான டொக்டரிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டேன்: "அந்தப் புள்ள எனக்குப் பழக்கம் டொக்டர். சரிவருமா?"

"நல்லதாப் போச்சு," என்றார் அவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "தெரிஞ்ச முகத்துக்குச் சொல்லுறதுதான் கஷ்டம். இஞ்ச ஒரு ஊருக்குள்ள எல்லாரும் தெரிஞ்ச முகம்தானே? வாங்கோ."

"யாரைச் சாகக் குடுக்கணும்?"

மறுமுனையில் சிரிப்பு. "உங்களுக்கு ஆர் இல்லையோ, அவரை வைப்பம்."

அப்படித்தான் எனக்குத் தம்பி பிறந்தான். ரவி என்று நானே பெயர் வைத்தேன். இல்லாத ஆள் செத்தால் யாருக்கு என்ன நட்டம்?

புதன்கிழமை போனேன். போனதும் முதல் அதிர்ச்சி, அந்தப் பொம்மை. பொம்மை என்று நான் நினைத்தது நம் துணிக்கடை வாசலில் நிற்குமே, அந்த மாதிரி. இது மூச்சு விடுகிறது! கண்ணைச் சிமிட்டுகிறது! மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், துடிக்கிறது. கையை உதறிவிட்டேன். ஏதோ கூச்சத்தில் அதற்கு "வணக்கம்" வேறு சொல்லிவிட்டேன். மூலையில் ஒரு சாக்கு நிறைய வெட்டிய சட்டைகள். எல்லாம் கீழிருந்து மேல் ஒரே இழுப்பு. தைக்கிறவள் கண்ணுக்கு அதுவே ஒரு செத்த வீடு.

டொக்டரம்மா என்னைவிட வயதில் இளையவர். கையில் பாதிப் பணிஸ். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

எனக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "கொஞ்சம் சீரியஸ்னு சொன்னா என்ன குறைஞ்சிரும் டொக்டர்? பாவம், சனங்க மனசத் தயார் பண்ணிக்குமே."

அவர் பணிஸை மென்று விழுங்கினார்.

"அக்கா, ஆள் செத்துப்போச்சு. நீங்கள் 'சீரியஸ்' எண்டு சொல்லிப்போட்டுப் போறீங்கள். அந்தத் தாய் என்ன செய்வா? நேத்தி வைப்பா. காவடி எடுக்கிறன் எண்டுவா, மொட்டை போடுறன் எண்டுவா. செத்த பிள்ளைக்கு நேத்தி. பிறகு ஆரோ வந்து சொல்லேக்க, தான் வைச்ச நேத்தி போதாமப் போச்சு எண்டு நினைப்பா. காலத்துக்கும் நினைப்பா. நாங்கள் மனசைத் தயார்ப்படுத்தேல்லை. எங்கட வாயைத் தப்ப வைக்கிறம்."

அந்தக் கஞ்சிக் கதை ஞாபகம் வந்தது. யாருக்காகச் சொன்னோம் அதை? பஸ்ஸில் வரும் பிள்ளைக்காகவா... ஃபோனை வைத்துவிட வேண்டுமே என்று நமக்காகவா?

தமிழில் பரீட்சை எடுக்க வந்தவர்கள் இருவர்தான். முதலில் ஒரு பையன். உள்ளே பொம்மையோடு போராடிவிட்டு வந்து, என் முன் விறைப்பாக நின்று, வானொலியில் காலநிலை சொல்வது போலச் சொன்னான். எல்லா வார்த்தையும் சரி. ரவி இறந்துவிட்டான் என்பது எனக்கு நன்றாக விளங்கியது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவன் போனதும் டொக்டர் என்னிடம், "உங்கட வீட்டில இப்பிடி ஒண்டு நடந்தால் இவர் வரலாமோ?" என்று கேட்டார். சொந்தக்காரராக நடிப்பவரிடம் கேட்கும் கடைசிக் கேள்வி அதுதானாம். அந்தப் பதிலுக்கும் புள்ளி உண்டாம்.

"வரட்டுமே, நல்ல புள்ள," என்றேன். நமக்கென்ன, நல்ல வார்த்தை சொல்வதற்குக் காசா பணமா?

"ம்," என்றார் டொக்டர். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து தர்ஷிகா.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எண்ணுவது கேட்டது. நெஞ்சை அமுக்க அமுக்க எண்ணுகிறாள். குரல் மூச்சு வாங்குகிறது. கூட இருப்பவரிடம் ஏதோ கேட்கிறாள். மறுபடி எண்ணுகிறாள். பொம்மைதானே என்று எனக்குத் தெரியும். மூச்சு விடுகிற அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் முன்புதான் பார்த்தேன். ஆனாலும் எண்ணுவது நின்றபோது கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

ஏன் நின்றது? எண்ணேன். இன்னும் கொஞ்சம் எண்ணேன்...

கதவு திறந்தது. முன்மயிர் நெற்றியில் ஒட்டியிருக்க, தர்ஷிகா வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். என் முன்னால் கதிரை இருந்தும் உட்காராமல், என் முகத்துக்கு நேராக முட்டி போட்டாள்.

"என் பேரு தர்ஷிகா. அம்புலன்ஸ்ல இருந்து வந்திருக்கேன். நீங்க ரவியோட அக்காங்களா?"

தெரியாதா இவளுக்கு? என் ஸ்டூலில் உட்கார்ந்து பணிஸ் தின்கிறவளுக்கு என்னைத் தெரியாதா?

"ஆமா. என்னாச்சு?" எனக்குச் சொல்லித் தந்த ஒரே வசனம் அது.

"கெட்ட செய்தி சொல்லத்தான் வந்திருக்கேன்க்கா. ரவியோட இதயம் நின்னுபோச்சு. நாங்க எல்லாம் செஞ்சு பாத்தோம். திரும்ப ஓடல. ரவி இறந்துட்டாரு."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

அவ்வளவுதான். வேறு ஒரு சொல் இல்லை. தைரியமா இருங்க இல்லை, விதி இல்லை, ஆண்டவன் இல்லை. அந்த அறையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் யாரும் விட்டு வைக்காத ஒரு மௌனம். அதற்குள் நான் தனியாக...

நான் என்ன சொல்ல? இல்லாத தம்பி ஒரு கணத்தில் பிறந்து, வளர்ந்து, மீசை வைத்து, என்னிடம் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு "அக்கா, கொலரப் பாத்து வையி" என்று சொல்லி, செத்தும் போனான். எல்லாம் அந்த மௌனத்துக்குள்.

என் முன்னால் இருந்த பிள்ளையின் கீழ் உதடு நடுங்கியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது.

"ஒண்ணுமில்லம்மா. நீ பயப்படாத. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

நான்தான் சொன்னேன்! இழவு கேட்டவள் நான், இழவு சொன்னவளைத் தேற்றுகிறேன்! நடிப்பு இல்லை, எழுதிக் கொடுத்த வசனமும் இல்லை. மெய்யாகவே அந்தக் கணம், தூக்கிக்கொண்டு ஓடினால் ரவி பிழைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

டொக்டர் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தர்ஷிகா என்னைப் பார்த்தாள். "சரிக்கா" என்று ஒரு தலையாட்டல் போதும் — எனக்குச் சுகம், அவளுக்குச் சுகம். ஆனால் அவளுடைய இடம் போய்விடும், மெஷின் கத்தும்போது மறுபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவள் தலை லேசாக அசையத் தொடங்கியதை நான் கண்டேன். சத்தியமாகக் கண்டேன்.

அசைந்த தலை நின்றது.

"இல்லக்கா," என்றாள். "கொண்டு போனாலும் அவரு திரும்பி வர மாட்டாரு. ரவி இறந்துட்டாரு. நான் இங்கயே உங்ககூட இருக்கேன்."

அப்போதுதான் அடித்தேன்.

பளார் என்று அவள் மேல்கையில். ஏன் அடித்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. யார் மேலும் கைநீட்டாதவள் நான். எவ்வளவு நெஞ்சழுத்தம் இவளுக்கு, இரண்டாம் தடவையும் சொல்கிறாளே என்று ஒரு ஆத்திரம். பிறகு வந்தது அழுகை. முன்னால் சொன்னேனே, அந்த அழுகை. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தடவிக்கூடப் பார்க்கவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் அழுது முடிக்கும் வரை இருந்தாள்.

டொக்டர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். தர்ஷிகாவை வெளியே அனுப்பவில்லை. அவள் அங்கேயே நிற்க, அவள் கையில் என் விரல்கள் சிவப்பாய்ப் பதிந்திருக்க, கேட்டார்.

"சொல்லுங்கோ அக்கா. உங்கட வீட்டில இப்பிடி ஒண்டு நடந்தால், இந்தப் பிள்ளை வரலாமோ?"

நான் தர்ஷிகாவைப் பார்த்தேன். அவளுக்காக எதையும் சொல்லக்கூடியவள் நான். அந்தப் பையனுக்கே 'வரட்டுமே' என்றவள், இவளுக்குச் சொல்ல மாட்டேனா? நாக்கு நுனியில் இருந்தது.

ஆனால் கொஞ்சம் முன்பு இந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்தாள்? தலையாட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம், ஆனாலும் ஆட்டவில்லையே. அவளுக்கு நான் எப்படி வாய்க்கு வந்த நல்ல வார்த்தையைச் சொல்வது?

"வரக் கூடாது," என்றேன்.

தர்ஷிகாவின் முகம் செத்துப்போனது.

டொக்டர் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஏன்?"

"இவ சொன்னா நான் நம்பிருவேன் டொக்டர். வேற யாரு வந்து சொன்னாலும், இல்ல, அப்படி இருக்காதுன்னு ஓடுவேன், இன்னொரு டொக்டரக் கூப்புடுவேன், சாமிய வேண்டுவேன். இவ வந்து சொன்னா... முடிஞ்சிரும். அதனால வரக் கூடாது. வந்துதான் ஆகணும்னா, வேற யாரும் வரக் கூடாது."

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"பிள்ளை," என்றார் தர்ஷிகாவிடம், "போய் அந்தக் கைக்கு ஐஸ் வையும். பிறகு கொழும்பில நிக்கிறதுக்கு ஒரு அறை தேடும். மாதப் பிறப்போட வகுப்புத் துவங்குது."

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவள் ஜன்னல் பக்கம். குண்டசாலை தாண்டியதும் அவள் மெதுவாக, "அக்கா, ரவிக்கு எத்தன வயசு?" என்றாள். நான் "முப்பத்தி நாலு" என்றேன் — யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் மறுபடி அழுதேன். கண்டக்டர் எங்களைப் பார்த்த பார்வையை எழுத இங்கே இடமில்லை.

ஃபாரூக் நானா விஷயம் கேட்டு, "அடிச்சயா? பரீட்சை எழுதப் போன புள்ளைய?" என்று என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு தர்ஷிகாவைப் பார்த்து, "மகள், நீ நல்லா வருவாய். ஆனா ஒன்டு. இனி இந்தக் கடைக்கு யூனிபோர்மோட மட்டும் வந்திராத. எனக்கு ரெண்டு நானா இருக்காங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கொழும்புக்குப் போகிறாள். மூச்சு மெஷின் கத்தினால் ஏன் கத்துகிறது என்று வாசிக்கப் படித்துக்கொண்டு வருவாள். கடுகண்ணாவை வளைவில் யாரோ ஒருவருடைய தம்பி அதனால் பிழைப்பான். அந்த அக்காவுக்கு அவள் பெயர்கூடத் தெரியப்போவதில்லை.

தர்ஷிகா, நல்லாப் படிம்மா. பெரிய ஆளா வா. எங்க தெருவுக்கு மட்டும் வேலையா வந்துராத.